சேறு படாத சட்டை

ரீச்சர்,

போன செவ்வாய்க்கிழமை காலையில் நான் அடுத்த வீட்டுப் பெண்ணைப் பார்த்துச் சத்தம் போட்டுவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் நம்பியிருக்கமாட்டீர்கள். எழுபத்தெட்டு வயதில், வேலிக்கு மேலால் தலையை நீட்டி, ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

முதல்நாள் பெய்த மழையில் கிளிநொச்சி முழுக்கச் சேறு. அந்தப் பெண் கொடியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து மகளுக்குப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். நீலம் போட்டுத் தோய்த்த சட்டை. சவர்க்கார வாசம் நான் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த விறாந்தை வரை வந்தது.

"இஞ்ச பார், சேத்துக்குள்ள கால் வைச்சு உடுப்பை ஊத்தையாக்கிக்கொண்டு வந்தியெண்டால் தோலை உரிப்பன்" என்றாள்.

தாய்மார் எல்லாரும் சொல்வதுதான். பிள்ளை சிரித்துக்கொண்டுதான் நின்றது. எனக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது.

"ஊத்தையாகட்டும்! பிள்ளை ஊத்தையாகட்டும்! உங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்?"

கோப்பை கையிலிருந்து விழுந்து உடைந்தது. அவள் பாவம், சீப்பும் கையுமாக வாயைத் திறந்தபடி நின்றாள். என் மகள் குசினியிலிருந்து ஓடி வந்தாள்.

"என்ன அப்பா நடந்தது? காலமை பிறஷர் குளிசை போட்டனீங்களோ இல்லையோ?"

"போட்டனான்."

"பேந்தென்ன சன்னதம்?"

நான் அறைக்குள் போய், மேசையில் ஆறு நாளாகக் கிடந்த தாள்களை எடுத்தேன். நமது பாடசாலையின் விழா மலருக்காக உங்களைப் பற்றி நான் எழுதிய கட்டுரை அது. எதை வெட்ட வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். வெட்டுவதா இல்லையா என்று ஆறு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். உங்களுக்குத் தெரியும், நான் யோசிப்பதில் கெட்டிக்காரன்.

முதலிலிருந்து சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததையே சொல்வதற்கு மன்னியுங்கள். இதை நீங்கள் மட்டும் வாசிக்கப்போவதில்லை.

நீங்கள் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. நான் கணிதம் படிப்பிக்க வந்து, பாடசாலை அதிபர் இடம்பெயர்ந்து போனதால் பதில் அதிபராக நின்றவன். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, காட்டோரப் பாடசாலை. நூற்றுச் சொச்சம் பிள்ளைகள். நீங்கள் ஆண்கள் ஓடும் பெரிய சைக்கிளில், சீலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, மணியடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது வந்து இறங்குவீர்கள். நான் அரைமணி நேரம் முன்பே வந்து சுற்றறிக்கைகளைத் திகதி வாரியாகக் கோப்பில் கட்டிக்கொண்டிருப்பேன். அந்தக் கட்டுக்கு நீங்கள் 'சேரின்ர சாதகக் கட்டு' என்று பெயர் வைத்திருந்தீர்கள். "இண்டைக்கு எங்களுக்கு என்ன பலன் சேர்?" என்று வாசலில் நின்றே கேட்பீர்கள். மற்ற ஆசிரியர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், கொஞ்சம் பிந்தி.

அப்போது விமானப்படையின் கிபிர் குண்டுவீச்சு விமானங்கள் வாரத்தில் இரண்டு மூன்று தரம் வரும். அதன் சத்தம் காதில் விழும்போது அது தலைக்கு மேலே வந்துவிட்டிருக்கும். சனம் அதற்கேற்றபடி வாழப் பழகியிருந்தது. வானத்திலிருந்து பளிச்சென்று தெரியும் என்பதால் வெள்ளைத் துணியை வெளியில் காயப்போடுவதையே பலர் விட்டிருந்தார்கள். வேட்டியைக் குசினிக்குள் அடுப்புக்கு மேலே காயப்போட்டு, புகை மணக்கக் கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போன காலம்.

நீங்கள் ஒருநாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றீர்கள். கதிரையில் உட்காரவில்லை.

"சேர், பிள்ளையளைக் கலர் உடுப்போட வரச் சொல்லுவம். கொடியில காயிற ஒரு வேட்டிக்கே சனம் பயப்பிடுது. நீங்கள் நூறு வெள்ளைச் சட்டையை முற்றத்தில நிரையா நிப்பாட்டித் தேவாரம் பாட விடுறியள்."

"சீருடையை மாத்திறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லை ரீச்சர். மேலிடத்துக்கு எழுதிக் கேக்கிறன்."

"மேல வாறவன் உங்கட சுற்றறிக்கையை வாசிச்சுப்போட்டே வாறான்?"

அப்போது நான் என் மனதில் இருந்ததைச் சொன்னேன். அதிகாரம் இல்லை என்பது பாதிதான். மீதிப் பாதி இது: "வெள்ளை எண்டால் பள்ளிக்கூடப் பிள்ளையள் எண்டு தெரியும் ரீச்சர். தெரிஞ்சால் போடமாட்டினம்."

உங்களிடமிருந்து பகிடி எதுவும் வரவில்லை. "சேர், நீங்கள் நல்ல மனிசன். அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு" என்றுவிட்டு வகுப்புக்குப் போனீர்கள்.

நான் இரண்டு கடிதம் எழுதினேன். பிரதி வைத்துக்கொண்டேன். உடுப்பைப் பற்றிப் பதில் வரவில்லை. வந்த ஒரே கடிதம், வரும் செவ்வாய்க்கிழமை ஓர் அதிகாரி பாடசாலையைப் பார்வையிட வருகிறார் என்பது.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் நான் சொன்னதை எழுத வேண்டும். கட்டுரையில் முதலாவது பென்சில் கோடு இதற்குத்தான் விழுந்தது. கையில் கோடு போடும் அடிமட்டத்தை வைத்துக்கொண்டு சொன்னேன்: "நாளைக்கு ஒருத்தரும் ஊத்தைச் சட்டையோட நிக்கக்கூடாது. நிண்டால் அடி விழும்."

நான் ஒரு பிள்ளையையும் அடித்தவன் இல்லை. அடிக்கத் துணிவில்லாதவன். அடிக்காதவன் என்பது பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக அடிமட்டத்தைக் கொண்டு திரிந்தவன். அது உங்களுக்குத் தெரியும். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரியுமா?

அன்றிரவு மழை. பாடசாலைக்குப் பின்னால் பாலை மரங்களுக்குக் கீழே நான்கு பதுங்குகுழிகள் வெட்டியிருந்தோம். மேலே பனங்குற்றி, அதற்கு மேலே மண்மூட்டை. எந்த வகுப்பு எந்தக் குழிக்கு, எந்த வழியால், என்ன வரிசையில் என்று நான் படம் வரைந்து சுவரில் ஒட்டியிருந்தேன். குள்ளமானவர்கள் முன்னால், உயரமானவர்கள் பின்னால். மணிக்கூடு பிடித்துப் பயிற்சி கொடுத்தோம். நாற்பது விநாடியில் எல்லாரும் உள்ளே போய்விடுவார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது. பயிற்சி நடந்தது ஆவணி மாதத்தில். தரை காய்ந்து கிடந்தது. அந்த வரிசையிலும் அந்த விநாடிக் கணக்கிலும் சேறு எங்கேயும் இல்லை.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் அது வந்தது. முதல் குண்டு குளக்கட்டுக்கு அப்பால் விழுந்தது. பிள்ளைகள் ஓடினார்கள், படத்தில் இருந்தபடியே வரிசையாக ஓடினார்கள். விமானம் வளைந்து திரும்பி வருவதற்குள் எல்லாரும் உள்ளே போய்விடலாம், நேரம் இருந்தது. நான் முதலாவது குழிக்குள் என் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டாவது குண்டு பாடசாலைக் கிணற்றடியில் விழுந்தது.

வெளியே வந்தபோது உங்கள் குழியின் வாயிலில், பனங்குற்றிப் படியில் மேகலா கிடந்தாள். இரண்டாம் வகுப்பில் உயரமான பிள்ளை, ஆகவே வரிசையில் கடைசி. நீங்கள் குழிக்குள்ளிருந்து இடுப்பு வரை சேற்றோடு ஏறி வந்து அவளை மடியில் எடுத்தீர்கள். உங்கள் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சேற்றுப் பொம்மைகள் போல வெளியே வந்தார்கள். நீங்கள் எடுக்கும் வரை மேகலாவின் சட்டையில் மட்டும் சேறு இல்லை. இரத்தம் இருந்தது. சேறு ஒரு துளிகூட இல்லை. நான் அதைப் பார்த்தேன் ரீச்சர். பார்த்தும் அது ஏன் என்று யோசிக்கவில்லை.

அதிகாரி அன்று வரவில்லை. பயணம் ஒத்திவைக்கப்பட்டதாக அறிவிக்கும் கடிதம் நான்கு நாள் கழித்து வந்தது. அதையும் நான் கோப்பில் கட்டி வைத்தேன்.

அதற்குப் பிறகு இடம்பெயர்ந்தோம். திரும்பி வந்தோம். மறுபடியும் இடம்பெயர்ந்தோம். அந்தக் கதை எல்லாருக்கும் பொதுவானது, விட்டுவிடுகிறேன். கடைசியாகத் திரும்பி வந்து தகரக் கொட்டிலில் பாடசாலை தொடங்கியபோது, பாடசாலையின் வரலாற்றை இரண்டு பக்கத்தில் எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். நானும் நீங்களும் ஓய்வு பெற்றிருந்தோம். எழுதினேன். வழக்கம்போல, பிழை பார்த்துத் தாருங்கள் என்று புளியங்குளத்தில் உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு வரியில் விரலை வைத்து, உரக்க வாசித்தீர்கள். "அசாதாரண சூழ்நிலை காரணமாகச் சில மாணவச் செல்வங்களையும் இழக்க நேரிட்டது."

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். "அசாதாரண சூழ்நிலை எண்டால் என்ன சேர்? வெள்ளமோ? வாந்திபேதியோ?"

"உங்களுக்குத் தெரியுந்தானே ரீச்சர். இப்ப இப்பிடித்தான் எல்லாரும் எழுதுகினம்."

"எல்லாரும் எழுதட்டும். நீங்களும் நானும் அங்க நிண்டனாங்கள். மேகலாவைச் 'சில செல்வங்கள்' ஆக்கிப்போட்டியளே."

"பிரச்சினை வந்திடும் ரீச்சர்."

உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். பகிடி போய், கோபமும் போய், அதற்கு அப்பால் ஏதோ வந்தது. "இதைச் சாகுமட்டும் உங்களுக்குச் சொல்லுறேல்லை எண்டுதான் இருந்தனான்" என்றீர்கள். "மேகலா மேல் படியில நிண்டவள் சேர். நான் கீழ நிண்டு கையை நீட்டினனான். குதி பிள்ளை, குதி எண்டனான். அவள் சேத்தைப் பாக்கிறாள், சட்டையைப் பாக்கிறாள். 'ஊத்தையாப் போம் ரீச்சர், சேர் அடிப்பார்' எண்டாள். அவ்வளவுதான். பிறகு சத்தம்தான்."

நான் எழுந்தேன். என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்று நினைவில்லை. குடையை உங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு, மழையில் நனைந்துகொண்டு சந்திக்கு நடந்தேன். பேருந்தில் அந்த இரண்டு பக்கத்தையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் ஒரு சொல்லையும் மாற்றாமல் அதை அனுப்பினேன். என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தால், அது இதுதான்.

அதன்பிறகு நான் உங்களைப் பார்க்க வரவே இல்லை. உங்கள்மேல் எனக்கு அவ்வளவு கோபம். என்மேல் எறிவதற்காக அதை அத்தனை வருடம் கூராக்கி வைத்திருந்தீர்கள் என்று நினைத்தேன். அதை அத்தனை வருடம் தனியே சுமந்து என்னைக் காப்பாற்றினீர்கள் என்று நினைக்க எனக்கு இன்னும் பல வருடம் எடுத்தது. அதற்குள் உங்கள் சிறுநீரகம் கெட்டு, வவுனியா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, போய்விட்டீர்கள். செத்த வீட்டுக்கு வந்தேன். வாசல் படலையோடு நின்றுவிட்டுத் திரும்பினேன்.

இப்போது மலருக்கு வருகிறேன். அதைத் தொகுப்பவள் சுகந்தினி. உங்கள் இரண்டாம் வகுப்பில் இருந்தவள், இன்று அதே பாடசாலையில் ஆசிரியை. பாடசாலை வரலாறு என்று அவள் அச்சுக்கு எடுத்திருந்தது என்னுடைய அதே இரண்டு பக்கம். அதில் அதே வரி. உங்களைப் பற்றிய கட்டுரையில் நான் அந்தச் செவ்வாய்க்கிழமையை நடந்தபடி எழுதியிருந்தேன். விமானத்தையும் குண்டையும் அடிமட்டத்தையும் மேகலா சொன்னதையும் எழுதியிருந்தேன். தாள்கள் பென்சில் கோட்டோடு திரும்பி வந்த அன்றே தொலைபேசியும் எடுத்தாள்.

"குறை நினையாதேங்கோ சேர். விழாவுக்குப் பெரிய ஆக்கள் வருகினம். புத்தகம் எல்லாற்ர கையுக்கும் போகும். வரலாற்றுப் பக்கத்தில நீங்களே வடிவா, நாகரிகமா எழுதியிருக்கிறியள்தானே. அப்பிடியே விடுவம்."

என்னுடைய கோழைத்தனத்தை எனக்கே மாதிரி வாசகமாகத் தூக்கிக் காட்டினாள்.

"அதோட மேகலாவின்ர அம்மாவும் வாறா. விளக்கேத்த அவாவைத்தான் கூப்பிட்டிருக்கிறம். அவா இதை வாசிச்சால்..." என்றாள். "உங்களுக்காகவுந்தான் சேர் சொல்லுறன்."

"எனக்காகவோ?"

"நானும் அந்தப் பங்கருக்குள்ளதான் இருந்தனான். ரீச்சரின்ர சீலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு. மேகலா சொன்னது எனக்கும் கேட்டது."

ஆக, அவளுக்கும் தெரியும். ஏழு வயதிலிருந்து தெரியும். பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சேறு சூடா இருந்தது சேர். மழைக் குளிருக்கு நல்லா இருந்தது. ஊத்தையாகிறது எனக்குச் சந்தோசமா இருந்தது, நீங்கள் ஏசவும் ஏலாது எண்டு. அந்தச் சந்தோசத்தை நான் இண்டுவரைக்கும் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. வெக்கம்."

இவ்வளவும் நடந்து ஆறாம் நாள்தான் நான் வேலிக்கு மேலால் கத்தியது. கத்தி முடித்து அறைக்குள் இருந்தபோது ஒன்று விளங்கியது. மேகலாவின் தாயைக் கேட்காமல் இதை எழுதவும் கூடாது, வெட்டவும் கூடாது. அவளுடைய பிள்ளையின் கடைசிச் சொல்லை நான், நீங்கள், சுகந்தினி மூன்று பேரும் வைத்திருக்கிறோம். பெற்றவளிடம் மட்டும் அது இல்லை.

மறுநாள் காலை புறப்பட்டேன். மாங்குளத்தில் இறங்கி ஒட்டுசுட்டான் பேருந்து எடுக்க வேண்டும். அங்கே இறங்கி, திரும்பிப் போகும் பேருந்துக்கு நேரம் எப்போது என்று இரண்டு தரம் விசாரித்தேன். உண்மையைச் சொல்கிறேன், அதில் ஏறியும் இருப்பேன். அது பிந்தி வந்தது.

வீட்டுத்திட்டத்தில் கிடைத்த சின்ன வீடு. மேகலாவின் தாய் முற்றத்தில் சாக்கை விரித்துக் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பிக் கதிரையைத் துடைத்தாள்.

"வாங்கோ சேர். வாழையளைப் பாக்காதேங்கோ, முந்தநாள் யானை வந்து விருந்து சாப்பிட்டிட்டுப் போட்டுது. எனக்கு ஒரு குலையும் மிச்சம் வைக்கேல்லை."

நான் கதிரையின் நுனியில் இருந்தேன். வழியில் மனதில் எழுதிக்கொண்டு வந்த முன்னுரை ஒன்றும் வாயில் வரவில்லை. திங்கட்கிழமை அடிமட்டத்தோடு நின்று நான் சொன்னதையும் செவ்வாய்க்கிழமை அவள் மகள் சொன்னதையும், சொன்ன சொற்களிலேயே சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. கச்சான் கோது உடையும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

"நானும் சொன்னனான் சேர்" என்றாள்.

"என்ன?"

"ஒரு சட்டைதான் கிடந்தது. அடுப்படியில காயவைச்சுப் போட்டுவிட்டனான். ஊத்தையாக்கினியெண்டால் இண்டைக்குச் சோறு இல்லை எண்டு சொல்லித்தான் அனுப்பினனான். உங்களுக்குப் பயந்து நிண்டாளோ, எனக்குப் பயந்து நிண்டாளோ, ஆர் கண்டது?"

நான் கதிரையிலிருந்து இறங்கிச் சாக்கோரத்தில் இருந்தேன்.

"ரீச்சரும் இதிலதான் இருந்து அழுதவா. ஒரு சாண், இன்னும் ஒரு சாண் கையை நீட்டியிருந்தால் எண்டு. வருசாவருசம் வந்து அழுவா."

நீங்கள் வந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது ரீச்சர். மேகலா சொன்னதை அவளிடமும் மறைத்துவிட்டு, உங்கள் கையை மட்டும் குற்றம் சொல்லி அழுதிருக்கிறீர்கள்.

அவள் மடியில் இருந்த கோதுகளை உதறிவிட்டு எழும்பினாள். குரல் உயர்ந்தது. அவ்வளவு மெலிந்த உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று நான் நினைக்கவில்லை.

"நாங்கள் மூண்டு பேரும் ஆளுக்கு ஒரு துண்டைப் பிச்சு நெஞ்சுக்குள்ள வைச்சுக்கொண்டு இருக்கிறம். நீங்கள் அடிமட்டம், நான் சோறு, அவா கை. போட்டவன் எங்கயாவது இருந்து இப்பிடி யோசிச்சு நித்திரை முழிக்கிறானே சேர்? ஒரு நாள்? ஒரே ஒரு நாள்?"

"இல்லை" என்றேன். என் குரலும் உயர்ந்தது. "இல்லை!"

"எழுதுங்கோ. நீங்கள் சொன்னதையும் எழுதுங்கோ, நான் சொன்னதையும் எழுதுங்கோ. மேல வந்து போட்டவனையும் எழுதுங்கோ. அவனை விட்டிட்டு எழுதுறதெண்டால் எனக்குப் புத்தகமும் வேண்டாம், விளக்கும் வேண்டாம்."

நீலம் போட்டு வெள்ளையாக்கிய சட்டை, 'இது பிள்ளை' என்று மேலே வருபவனுக்குச் சொல்லும் என்று நான் நம்பினேனே ரீச்சர், அந்த நம்பிக்கைக்கு நான் வெட்கப்பட வேண்டும் என்று இவ்வளவு காலமும் எண்ணியிருந்தேன். அது பிழையான எண்ணம். பிள்ளை என்று தெரிந்தால் குண்டு போடமாட்டார்கள் என்று நம்பிய மனிதன் வெட்கப்பட வேண்டியதில்லை. போட்டவன் வெட்கப்பட வேண்டும். அனுப்பியவன் வெட்கப்பட வேண்டும். அதற்குச் சூழ்நிலை என்று பெயர் வைத்ததற்கு நான் வெட்கப்பட வேண்டும். அது வேறு வெட்கம். அதை நான் மற்றவனுக்குக் கொடுக்கமாட்டேன்.

புறப்படும்போது அவள் என்னைப் படலையில் மறித்தாள். குரல் திரும்பவும் சின்னதாகியிருந்தது.

"சேர், அவள் படிப்பில எப்பிடி?"

இத்தனை வருடத்தில் யாரும் அவளுக்கு இதைச் சொல்லவில்லை. கெட்டிக்காரி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. எவ்வளவு சுலபம். ஆனால் சுலபமான சொல்லைப் போட்டு மூடுகிற வேலையை நான் ஏற்கெனவே ஒருமுறை செய்தவன்.

"தெரியாது. ரீச்சருக்குத்தான் தெரியும்" என்றேன்.

"அவாவைக் கேட்டிருக்கலாம். கேட்டால் இன்னும் அழுவா எண்டு விட்டிட்டன்."

அங்கிருந்து நேரே பாடசாலைக்கு நடந்தேன். சுகந்தினி ஆசிரியர் அறையில் இருந்தாள். அச்சுத்தாளை வாங்கி, வரலாற்றுப் பக்கத்தில் என் வரியை அடிமட்டம் வைத்து வெட்டினேன். மேலே எழுதினேன்: 'விமானங்கள் வந்து பாடசாலை மீது குண்டு போட்டன. இரண்டாம் வகுப்பு மாணவி மேகலா கொல்லப்பட்டாள்.' கட்டுரையின் பென்சில் கோடுகள் எல்லாவற்றையும் அழிறப்பரால் அழித்தேன். அவள் நான் எழுதியதை வாசித்தாள்.

"இதைப் போட்டால் கேள்வி வரும் சேர்."

"வரட்டும். கீழ என்ர பேரைப் போடு. முழுப் பேரையும் போடு."

"பயமில்லையே உங்களுக்கு?"

"இருக்கு" என்றேன். "பயம் ஒரு பக்கத்தில இருக்கட்டும். மேகலாவின்ர அம்மாதான் எழுதச் சொன்னவா."

அவள் தாளை வாங்கி, மடிக்காமல் கோப்புக்குள் வைத்தாள். அப்போது நான் கேட்டேன்: "பிள்ளை, மேகலா படிப்பில எப்பிடி? தாய் கேட்டவா."

சுகந்தினி என்னைப் பார்த்தாள். முகத்தில் முதலில் திகைப்பு, பிறகு ஒரு களவுச் சிரிப்பு. ஏழு வயதுக்குரிய சிரிப்பு.

"படிப்போ? சும்மா இருங்கோ சேர். கணக்குப் புத்தகத்தில கோழிப் படம் கீறிக்கொண்டிருப்பாள். சரியான வாயாடி. ஆனால் ஒண்டு செய்வாள் பாருங்கோ, ரீச்சர் அந்தப் பக்கம் திரும்பினால் காணும், எழும்பி..."

சொல்ல முடியாமல் எழும்பியேவிட்டாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டினாள். கழுத்தை முன்னால் நீட்டி, ஒவ்வொரு கதிரையாகக் குனிந்து பார்த்து, தலையை ஆட்டி, சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்து அறையைச் சுற்றி நடந்தாள். மூக்கால் ஒரு 'ம்ம்' சொன்னாள். கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருந்தது, நடையை மட்டும் விடவில்லை.

அது நான். நான் வகுப்புகளைச் சுற்றி வரும் நடை. அதை ஏழு வயதில் ஒருத்தி அவ்வளவு கவனமாகப் பார்த்து, அவ்வளவு துல்லியமாகப் பிடித்து, பின் வரிசை வாங்கிலிருந்து வகுப்பையே சிரிக்க வைத்திருக்கிறாள்.

"ரீச்சர் கண்டிட்டா ஒருநாள்" என்றாள் சுகந்தினி. "ஏசப்போறா எண்டு பாத்தால், புத்தகத்தால முகத்தை மறைச்சுக்கொண்டு நிண்டு சிரிக்கிறா."

நான் அறையில் என்ன செய்தேன் என்று எழுதமாட்டேன். வெளியே வந்து நின்றபோது என் உடம்பு முழுக்கக் கோபமாக இருந்தது ரீச்சர், காலையில் இருந்ததைவிடப் பத்து மடங்கு. அவர்கள் கொன்றது 'மாணவச் செல்வம்' இல்லை. கணக்குப் புத்தகத்தில் கோழி கீறியவளை. எனக்குப் பயந்த அதே நேரத்தில் என்னைப் பகிடி பண்ணவும் தெரிந்தவளை. இன்னும் நாற்பது வருடம் எத்தனை பேருடைய நடையைப் பிடித்திருப்பாளோ, அவளை. இந்தக் கோபம் ஆறிவிடுமோ என்பதுதான் இப்போது எனக்கு இருக்கிற ஒரே பயம்.

சுகந்தினி ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். "ஏறுங்கோ சேர். மேகலாவின்ர அம்மாவுக்குப் போய் நடந்து காட்டுவம்."

காட்டினாள். தாய் வாயைப் பொத்திக்கொண்டு முதலில் அவளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவள் கேட்கவில்லை. ஆனாலும் நான் எழும்பி, கையைப் பின்னால் கட்டி, அந்த முற்றத்தில் ஒரு சுற்று நடந்தேன், அவள் மகள் எவ்வளவு சரியாகச் செய்தாள் என்று தெரிவதற்காக.